நாற்பது நிமிடப் புகை

என் தங்கை வாணியின் புருஷன் சரத்தை அடித்துக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது ஒருமுறை இரண்டுமுறை இல்லை. துணி அலசும்போது நினைத்திருக்கிறேன். ரேஷன் வரிசையில் நிற்கும்போது நினைத்திருக்கிறேன். புத்த விகாரையில் கண்ணை மூடி உட்கார்ந்து, எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே மனசுக்குள் அவன் மண்டையை உடைத்திருக்கிறேன். என் கோபம் அப்படிப்பட்டது. அது முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சிரைக்க வரும்.

ஒருமுறை கையாலும் செய்து பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் அவன் கேபிள் துண்டைச் சுருட்டி வாணியின் இடது காதில் அடித்தான். மூன்று நாள் ரத்தம் கசிந்தது. அந்தக் காது அதோடு போயிற்று. நான் ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஓரத்துப் பாலகாட்டில் அவன் வேலை செய்கிற கொட்டகைக்குப் போய் முழங்காலில் ஒரு போடு போட்டேன். விழுந்தான். விழுந்தவன் என் கையைப் பிடித்து இரண்டு விரலைப் பின்பக்கமாக வளைத்து ஒடித்தான். "யக்கா, எங்க குடும்பத்துல தலையிடாதீங்க" என்று மரியாதையாக வேறு சொன்னான்.

போலீஸில் போய் நின்றோம். அங்கே இருந்தவர் என் விரலையும் அவள் காதையும் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி சமாசாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாணி அவன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். வேறே எங்கே போவாள்? என்னுடையது ஒற்றை அறை. அங்கேயும் வந்து கதவை உதைப்பான்.

சரத்தின் தொழில் கேபிள் கொளுத்துவது. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தகரக் கொட்டகை ஒன்றை வளைத்துப்போட்டு, எங்கிருந்தோ வரும் பழைய கேபிள்களை எரித்துத் தாமிரம் எடுப்பான். விடிந்ததும் எரிப்பான். மத்தியானத்திலிருந்து குடித்துவிட்டு அங்கேயே கிடப்பான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாணி சோறு கொண்டுபோக வேண்டும். பிந்தினாலும் அடி, சோறு ஆறிப்போனாலும் அடி.

என் தொழில் அந்தப் புகையை எண்ணுவது. பதினாலு வருஷம் விடியுமுன் கிளம்பும் ரயிலில் பெங்களூருக்குப் போய்க் கார்மெண்ட்ஸில் காலர் தைத்தவள் நான். கம்பெனியை மூடினதும் ஷில்பா மேடத்திடம் சேர்ந்தேன். அவர் பெங்களூரில் காற்றை ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டைமாடியில் அவருடைய மெஷின் இருந்தது. அது காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளை நாடா வழியாக விடும். காற்றில் இருக்கும் கரி நாடாவில் பொட்டு மாதிரி வட்டமாகப் படியும். அந்தப் பொட்டு எவ்வளவு கறுப்பு என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதடவை பார்த்து, நேரத்தோடு குறித்து வைக்கும்.

நாடா தீராமல் பார்த்துக்கொள்வது, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷின் கடிகாரத்தை என் போனோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவது, பக்கத்தில் யாரும் எதையும் கொளுத்தாமல் காவல் இருப்பது, இவ்வளவுதான் என் வேலை. மாடிக்கு வந்து பீடி பற்றவைத்த ஒருத்தனைத் துடைப்பத்தால் அடித்தே கீழே இறக்கினேன். கேள்விப்பட்டு மேடம் சிரித்தார்.

"அவ்ளோ வேணாம் வெண்ணிலா. பக்கத்துல யாராச்சும் கொளுத்தினா நோட்டுல எழுதுங்க, போதும். அந்த நேரத்து நம்பரை நாங்க தூக்கிடுவோம். எங்களுக்கு வேண்டியது பக்கத்து வீட்டு அடுப்பு இல்ல, உலகத்துக் காத்து."

மெஷின் போடும் கோட்டைப் படிக்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். விடியற்காலை மூன்று ஐம்பதுக்கு ஒரு கறுப்பு மேடு எழும். ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள் வெந்நீருக்காகக் குப்பையையும் கட்டையையும் பற்றவைக்கும் நேரம் அது. ரயில் யாருக்காகவும் நிற்காது, அதனால் அந்த மேடும் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. "மெஷின் கடிகாரம் ஏமாத்தினாலும் உங்க ஊரு வெந்நீர் ஏமாத்தாது" என்பார் மேடம். ஆறரை மணிக்கு இன்னொரு மேடு, ஊசி மாதிரி நெட்டுக்குத்தாக. அது சரத். என் தங்கையின் துன்பத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது என்று நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அழுக்கிலும் இரண்டு குணம் உண்டு என்று மேடத்திடம்தான் தெரிந்துகொண்டேன். தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிவைத்த எங்கள் சயனைடு மேடுகளிலிருந்து பறக்கிற வெள்ளைத் தூசி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரி வெயிலைக் குடித்துக்கொண்டு காற்றைச் சூடாக்கும். ஆலைப் புகையிலும் வெள்ளையான புகை உண்டாம். அது இத்தனை வருஷமாக உலகத்துச் சூட்டில் ஒரு பங்கை நமக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறதாம். அதைச் சுத்தம் பண்ணினால் மறைந்திருந்த சூடு வெளியே வரும், சுத்தம் பண்ணாவிட்டால் மூச்சு போகும். அழுக்கு நல்லதா கெட்டதா என்று நான் கேட்டதற்கு, இரண்டும்தான் என்றுவிட்டு மேடம் டீயைக் குடித்தார்.

மழையைப் பற்றியும் சொன்னார். தூசி இல்லாமல் மேகமே கிடையாது. ஒவ்வொரு துளி நீரும் ஒரு தூசியைப் பிடித்துக்கொண்டுதான் உருவாகிறது. ஆனால் தூசி ரொம்பப் பெருகினால், இருக்கிற தண்ணீரை எல்லாத் தூசியும் பங்கு போட்டுக்கொள்ளும். துளிகள் பொடிப்பொடியாக நின்றுவிடும், கீழே விழுகிற கனம் வராது.

"நம்ம டேங்கர் மாதிரி" என்றேன். "ஒரு வண்டி தண்ணி, ஆயிரம் குடம். யாருக்கும் ரொம்பாது."

"கரெக்ட்" என்று கை தட்டினார். உடனே விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. ஒரு கொட்டகை புகையால மழை நிக்காது. பஞ்சாப்லேர்ந்து வங்காளம் வரைக்கும், கடல் மேல, ஆயிரக்கணக்கான மைல் புகை சேரணும். அதுலயும் எங்க கொறையும் எங்க கூடும்னு நாங்களே இன்னும் அடிச்சுக்கிறோம். யாரையும் கை காட்ட முடியாது. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், நான் செய்தது தெரியாமல் செய்தது இல்லை.

அந்த அக்டோபரில் மழை ஏமாற்றிவிட்டது. தினமும் மேகம் வரும், கறுக்கும், எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். நாங்கள் இருக்கும் ஆண்டர்சன்பேட்டைக்குத் தண்ணீர் டேங்கர் ஐந்து நாளைக்கு ஒருதடவை வந்தது. வியாழக்கிழமை வர வேண்டியது. அன்று மத்தியானம் வாணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பின்னந்தலையில் முடி இல்லை. கருகி, தோல் வெந்து, ஒரு கையகலத்துக்குச் சிவந்திருந்தது.

"இன்னாடி இது?"

"எரியிற கேபிள் மேல தலைய வெச்சு அமுக்கிட்டான். நேத்து சோறு லேட்டுனு."

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மறுபடியும் போலீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் அதே பெஞ்சி, அதே பேச்சு. வீட்டுக்குக் கூட்டி வந்து தேங்காயெண்ணெய் தடவிப் படுக்க வைத்தேன். "இன்னிக்கு நீ போகாதே. பட்டினி கெடந்து சாவட்டும்" என்று அவளுடைய நல்ல காதில் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு டேங்கருக்குப் போனேன்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. பாதிதான் இருந்தது. இருபதாவது குடம் நிறைவதற்குள் குழாய் இருமத் தொடங்கியது. அப்புறம் நடந்ததை வரிசை என்று சொல்ல முடியாது. எங்கள் தெருத் தெலுங்குக்காரி வெங்கடம்மாவின் முடியை ஒருத்தி பிடித்து இழுத்தாள். வெங்கடம்மா தன் குடத்தைத் திருப்பி அவள் வாயில் இடித்தாள், பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. ஆம்பிளைகள் விலக்கவென்று வந்து அவர்களும் அடித்துக்கொண்டார்கள். ஒரு பையனின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, அவன் கண் தெரியாமல் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். சிந்திய தண்ணீரில் ரத்தம் கலந்து சாக்கடைக்கு ஓடியது. அதைக்கூட ஒருத்தி தகர மக்கில் மொண்டாள்.

நான் டேங்கரின் படியில் ஏறி நின்றேன். "என் தங்கச்சி தலைய எரிச்சுட்டாங்க, கேக்க ஆளில்லையா?" என்று கத்தினேன். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அது உங்க வூட்டு விஷயம்மா" என்றது ஒரு குரல். அந்த ஒரு சொல் போதும். என் கோபம் ஓட ஆரம்பித்துவிட்டது.

"மழை ஏன் வரலனு தெரியுமா ஒங்களுக்கு?"

நாற்பது தலைகள் திரும்பின.

"நான் மாடில மெஷின் வெச்சு பாத்துக்கினு கீறேன். தெனம் காலைல ஒருத்தன் வுடுற புகை மேல போயி மேகத்துல கலக்குது. இங்க இந்த டேங்கர் கதைதான் அங்கயும். ஒரு மேகத்துத் தண்ணிய கோடிக் கரி பங்கு போட்டுக்குது. துளி ரொம்பல, அதான் விழல. பெங்களூர் மேடம் சொன்னது, என் வார்த்தை இல்ல. அவன் பேரு சரத்து!"

மேடம் விரலை ஆட்டிச் சொன்ன மீதிப் பாதி என் தொண்டையில்தான் இருந்தது. அதை விழுங்கினேன். வாணிக்காக ஒரு ஆள் திரும்பவில்லை, மழைக்காக ஊரே திரும்பியது. அடித்துக் கைகாலை முறித்துவிட்டு வரட்டும், அவன் இந்த ஊரை விட்டு ஓடட்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அவ்வளவுதான் என்று இன்றைக்கும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"மழைய நிறுத்தறவன ஒதைக்க வேணாமா?" என்று வெங்கடம்மா கலைந்த முடியை அள்ளி முடிந்தாள். பைக்குகள் முதலில் சீறிக்கொண்டு போயின. மற்றவர்கள் கூட்ஸ் ஆட்டோக்களில் ஏறினார்கள். மிச்சப் பேர் டிரைவரை மிரட்டி டேங்கரிலேயே தொற்றிக்கொண்டோம். கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால். எனக்கு அது நினைவிருக்கிறது, ஆறு மணிக்கு மெஷின் கடிகாரம் பார்க்க முடியாதே என்று ஒரு எண்ணம் வந்து போயிற்று.

பாலகாட் திருப்பத்திலேயே புகை தெரிந்தது. கொட்டகைக்குமேல் மாமரம் உயரத்துக்குக் கறுப்பாக எழுந்து, வடகிழக்குக் காற்றில் சாய்ந்து எங்கள் பக்கமே வந்துகொண்டிருந்தது. பைக் பையன்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். டேங்கரில் இருந்தவர்கள் ஓ என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

கிட்டே போனதும் கத்தல் நின்றது. உள்ளேயிருந்து ஒருத்தன் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். பிறகு அடிப்பது நின்று அலறல் வந்தது. கதவில் வெளியே சங்கிலி போட்டிருந்தது. சங்கிலி சூட்டில் சிவந்து தொங்கியது. பையன்கள் கட்டையால் கதவை இடித்தார்கள். ஒருத்தன் சட்டை பற்றிக்கொண்டு மண்ணில் உருண்டான். "தண்ணி! தண்ணி!" என்று எல்லாரும் டேங்கரைத் திரும்பிப் பார்த்தோம். டிரைவர் குழாயைத் திறந்தான். இரண்டு சொட்டு விழுந்தது. நாங்களே காலி பண்ணிய வண்டி.

அலறல் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு மனுஷனுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் தடவை மனசுக்குள் அவனைக் கொன்றவள், அன்று காதைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அப்போதுதான் வாணி எங்கிருந்தோ தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். கூட்டம் விலகியது. நேராக என்னிடம் வந்து கன்னத்தில் அறைந்தாள். "என் புருஷன கொன்னுட்டியே! பாவி, கொன்னுட்டியே!" என்று இன்னொரு கன்னத்திலும் அறைந்தாள். நான் கையைத் தூக்கவில்லை. அவள் உள்ளங்கை சூடாக, பிசுபிசுவென்று இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்தபோது என் கன்னத்தில் நீரும், ஈரத்தோடு மெல்லிய தோலும் ஒட்டியிருந்தது. கதவைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ராத்திரியே பைக்கில் முன்னால் போன ஆறு பையன்களைப் போலீஸ் தூக்கியது. நாங்கள் வரும்போதே எரிந்துகொண்டிருந்தது என்று அவர்கள் அழுதார்களாம். எந்தக் கூட்டம்தான் நாங்கள் கொளுத்தினோம் என்று சொல்லியிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். கிளப்பிவிட்டது நான் என்று ஊருக்கே தெரியும். காலையில் எனக்காக வருவார்கள் என்று சேலையை மாற்றிக்கொண்டு மாடியில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸுக்கு முன்னால் ஷில்பா மேடம் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, பெங்களூரிலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, மெஷினிலிருந்து நம்பர்களை லேப்டாப்பில் ஏற்றினார். கோடு எழுந்தது. நேற்றுச் சாயங்காலம் அது தாளையே கிழித்துக்கொண்டு போகிற மாதிரி மேலே போயிருந்தது. மேடம் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குதிக்காத குறையாக எழுந்தார்.

"வெண்ணிலா! நேத்து நீங்க டேங்கரை விட்டு எத்தனை மணிக்கு கிளம்பினீங்க?"

"அஞ்சே முக்கா."

"இதைப் பாருங்க. கறுப்பு ஏறினது அஞ்சு முப்பத்தஞ்சு. அங்கேர்ந்து இங்க புகை வர பத்து பதினஞ்சு நிமிஷம். அப்போ தீ வெச்சது அஞ்சு இருபது. நீங்க யாருமே அங்க இல்ல! அந்தப் பசங்களும் இல்ல! மெஷின் உங்க எல்லாரையும் காப்பாத்திடுச்சு." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "கீழ டவர் எடுக்குது. இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணிட்டு வரேன்."

அவர் படியிறங்கினார். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஐந்து இருபது. ஐந்து மணிக்குச் சோறு போகும். படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போயிருக்கிறாள். சோறு வைத்திருக்கிறாள். அவன் சாப்பிட்டுக் கவிழ்ந்ததும் வெளியே வந்து சங்கிலி போட்டிருக்கிறாள். கேபிள் எரிக்கிற எண்ணெய் அங்கேயே டப்பா டப்பாவாக இருக்கும். என் கன்னம் அப்போதுதான் எரிந்தது. கதவைத் திறக்கப் போன கை இல்லை அது.

என் தங்கை எங்கள் எல்லாரையும்விட முந்திக்கொண்டாள். அவளுக்காக நான் ஊரைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஊர் தேவைப்படவில்லை. இந்தக் கோடு மட்டும் இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனால், ஐந்து இருபதுக்கு அங்கே யார் இருந்தது என்று அவர் கேட்பார். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. காதையும் தலையையும் காட்டியபோது எழுதிக்கொள்ளாதவர்கள், கையைக் காட்டினால் உடனே எழுதிக்கொள்வார்கள்.

மெஷினின் கடிகாரத்தை மாற்ற நான்கு பொத்தானை அழுத்த வேண்டும். ஒடிந்து கோணலாகிப்போன இரண்டு விரலால் அழுத்தினேன். நாற்பது நிமிஷம் பின்னால் தள்ளினேன். இரண்டு வருஷமாக ஒரு நிமிஷம் பிசகாமல் காத்த கடிகாரம். நோட்டில் நேற்றைய கட்டம் காலியாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டேன்.

மேடம் மேலே வந்தார். "இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்கு போயிருக்காராம், பத்து மணிக்கு வரச் சொன்னாங்க."

"மேடம், கடிகாரம் தப்பு. நேத்து மத்தியானம் கரண்ட்டு போயி வந்துச்சு. அதுலேர்ந்து நாப்பது நிமிஷம் பின்னால ஓடுது. நான் பாக்கல. பாருங்க."

அவர் மெஷினைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் விழுந்தது. நாற்பது நிமிஷம் கூட்டினால் கறுப்பு ஏறியது ஆறே கால். அப்படியானால் தீ வைத்தது ஆறு மணிக்கு, கூட்டம் வந்த பிறகு. லேப்டாப் முன்னால் அப்படியே உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் விரல் திரையில் நகர்ந்து, இன்றைய விடியற்காலையில் போய் நின்றது.

"வெண்ணிலா." குரல் மாறியிருந்தது. "கடிகாரம் நேத்துலேர்ந்து தப்புன்னா, இன்னிக்கு காலை வெந்நீர் மேடு மூணு பத்துல வந்திருக்கணும். மூணு அம்பதுலயே வந்திருக்கு. உங்க ஊரு ரயில் இன்னிக்கு நாப்பது நிமிஷம் லேட்டா?"

 எங்கள் ஊரின் ஏழைச் சனங்கள் குளிக்கிற வெந்நீர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இப்பதான் மாத்தினீங்க. நான் கீழ போனப்போ. யாருக்காக?"

நான் அவர் காலில் விழவில்லை. எனக்கு விழ வராது. டேங்கர்மேல் ஏறி நின்று நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் சொல்லிக்கொடுத்த பாதியை எடுத்துக்கொண்டு மீதிப் பாதியை விழுங்கியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அது அதுக்கா சொன்னேன் நான்? உலகம் பூரா ஜனங்க பண்றதை ஒரு ஆள் தலைல போட்டு... கடவுளே, வெண்ணிலா!"

"ஆமா மேடம். ஒரு பொய் சொல்லி ஊர கொலைக்குக் கூட்டினு போனேன். அந்தப் பொய்க்கு நானே ஜெயிலுக்குப் போறேன். நான்தான் வெச்சேன்னு சொல்லிடுறேன், ஆறு பசங்களும் வெளிய வந்துடுவானுங்க. இந்தக் கோடு மட்டும் போவக் கூடாது. யாருக்குன்னு கேக்காதீங்க. கேட்டா நீங்களும் மறைக்கணும்."

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேடம் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.  பிறகு நோட்டை இழுத்து, நேற்றைய கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: பக்கத்தில் தீ, கடிகாரம் நம்பத்தகுந்ததல்ல, இரண்டு நாள் அளவுகள் நீக்கப்பட்டன. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கி எறிந்தார்.

"இனிமே என் மெஷின் பக்கம் வராதீங்க" என்றார்.

பாவம், அவருக்கு என்னைவிட அதிகமாக வலித்திருக்கும்.

நான் இறங்கிப் போய் ஜீப்பில் ஏறினேன். சங்கிலி போட்டதும் நான், தீ வைத்ததும் நான், கூட்டம் வந்த கையோடு யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாகப் போய் வைத்தேன் என்றேன். காதுக்கும் தலைக்கும் ஒரு வரிகூட எழுதாதவரே இந்தமுறை நான்கு பக்கம் எழுதினார். பையன்களை விட்டார்கள்.

நான்காவது நாள் கடலில் புயல் சின்னம் ஒன்று வந்து, கோலார் ஜில்லா முழுக்க மழை கொட்டியது. சரத்தின் கொட்டகை இன்னும் புகைந்துகொண்டிருந்த நேரம் அது. அவ்வளவு கறுப்பான காற்று எங்கள் ஊருக்குமேல் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தக் காற்றிலேயே மழை பெய்தது. என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் வெங்கடம்மா சொல்லியனுப்பினாள்: "நுவ்வு செப்பிந்தி நெஜம்மா, நீ சொன்னது நெஜம். அவன் போனான், மழை வந்துச்சு. ஊரே ஒன்ன கும்பிடுது." நான் சிறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். நெற்றியில் தையல் போட்டார்கள்.

இருபத்தி மூன்றாம் நாள் வாணி வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள், பக்கத்தில் பெண் கான்ஸ்டபிள். தலைக்கு முக்காடு, வலது கை முந்தானைக்குள்ளே. இடது கையால் சோற்று டப்பாவைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள்.

"என் புருஷன ஏன் கொன்னே?" என்றாள் சத்தமாக. எல்லாரும் கேட்கிற மாதிரி, மனப்பாடம் பண்ணியவள் மாதிரி.

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் புதிதாக அடிபட்ட தடம் ஒன்றுகூட இல்லை. கல்யாணமான பிறகு முதல்முறையாக அந்த முகத்தைக் காயமில்லாமல் பார்க்கிறேன். 

"கைக்கு மருந்து போட்டியாடி?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. செத்த காது என் பக்கம் இருந்தது. முகத்தைத் திருப்பி நல்ல காதை வலையோடு ஒட்டி வைத்தாள். "இன்னா?" என்றாள்.

"கைக்கு மருந்து போட்டியானு கேட்டேன்."

முந்தானைக்குள் அந்தக் கை ஒடுங்கியது. அவள் என்னையே பார்த்தாள். சத்தமாகச் சொல்ல வந்த அடுத்த வார்த்தை வாயிலேயே நின்றது. கான்ஸ்டபிள் டப்பாவைத் திறந்து கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாணி வலது கையை வெளியே எடுத்து, தோல் உரிந்து ரோஜா நிறத்தில் இருந்த உள்ளங்கையை வலையில் என் கன்னத்துக்கு நேராக வைத்தாள்.

"சோறு ஆறிப்போயிடும், துன்னுக்கா" என்றாள்.